நாட்செஸில் ஒரு நாற்காலி

எங்கள் தெருவில் குளிர்காலத்துக்கு ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஃப்ளோரிடாவுக்கோ அரிசோனாவுக்கோதான் போவார்கள். என் அக்கா லோர்னாவும் அப்படித்தான் நினைத்து, ஃப்ளோரிடாவில் கடலைப் பார்த்த மாதிரி இரண்டு விடுதிகளைத் தேடி வைத்திருந்தாள். அத்தான் டெல்மர் இரண்டையும் தள்ளிவிட்டு, மிசிசிப்பி மாநிலத்துக்குப் போகலாம் என்றார். வடக்கே எங்கள் ஊரான வினோனாவில் எங்களுக்குத் தெரிந்த யாரும் அந்த மாநிலத்தில் கால் வைத்ததில்லை.

“அங்க என்ன இருக்கு டெல்மர்?”

“நாம அனுப்பின தண்ணி இருக்கு.”

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அத்தானும் நானும் ஆற்று மதகில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் சொல்வது எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கத்தில் மிசிசிப்பி ஆறு ஒரு படிக்கட்டு. அதன் போக்கில் விட்டால் சில இடங்களில் இடுப்பளவுகூடத் தண்ணீர் நிற்காது, சரக்குப் படகு தரைதட்டிவிடும். அதனால் வரிசையாக அணைகள் கட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஆழமாக நீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் படகு இறங்குவதற்காக அணையின் ஓரத்தில் நீளமான கான்கிரீட் தொட்டி ஒன்று உண்டு. இரு முனையிலும் இரும்புக் கதவுகள். படகு உள்ளே வந்ததும் மேல்கதவைச் சாத்திவிட்டு, சுவருக்குள் ஓடும் வாய்க்காலின் அடைப்பைத் தூக்கினால் போதும். தொட்டித் தண்ணீர் தானாகவே கீழ்ப்பக்கம் வடியும், படகும் அதோடு இறங்கும். பம்பு எதுவும் கிடையாது. பள்ளத்தை நோக்கிப் போவது தண்ணீரின் குணம், எங்கள் வேலை அதற்கு நேரம் பார்த்து வழிவிடுவதுதான்.

தானியம் ஏற்றிய மிதவைகள் எங்களிடம் பதினைந்து பதினைந்தாக வரும். எல்லாவற்றையும் இரும்பு வடத்தால் இறுக்கிக் கட்டி, பின்னாலிருந்து ஒரே படகு தள்ளிக்கொண்டு வரும். அந்தக் கூட்டம் எங்கள் தொட்டியில் ஒரே தடவையில் கொள்ளாது. நடுவில் வடத்தை அவிழ்த்து, முன்பாதியை முதலில் இறக்கி, பின்பாதியைப் படகோடு அடுத்து இறக்கி, கீழே மறுபடி கட்ட வேண்டும். அத்தான் தன் பணிக்காலம் முழுவதும் கையில் கயிற்றோடு சுவரின் மேல் நின்று பார்த்தது இதைத்தான். முழுதாக வரும், இரண்டாகப் போகும்.

செயின்ட் லூயிஸோடு மதகுகள் முடிந்துவிடுகின்றன. அதற்கப்புறம் கடல்வரை ஆற்றுக்குக் குறுக்கே ஒன்றுமே இல்லை. அங்கே முப்பது நாற்பது மிதவைகளை ஒரே பாய்போலக் கட்டித் தள்ளுவார்கள். பிரிக்க வேண்டிய தேவையே வராது. மிசிசிப்பி மாநிலத்தில் நாட்செஸ் என்ற ஊர் ஆற்றை ஒட்டிய உயரமான மண்மேட்டின் மேல் இருப்பதாகவும், அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தப் பாய் வளைவில் திரும்புவதை முழுசாகப் பார்க்கலாம் என்றும் ஒரு படகோட்டி எப்போதோ அத்தானிடம் சொல்லியிருந்தான். அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

தள்ளிப்போடவும் முடியாது. அத்தானின் சிறுநீரகங்கள் கைவிட்டு நான்கு வருடமாகிறது. இப்போது இதயமும் தளர்ந்து வந்தது. போவதானால் வசந்தத்துக்குள் போய் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு நான் சம்மதிக்க மாட்டேன் என்று இதய மருத்துவர் அக்காவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

டயாலிசிஸில் இருப்பவர் ஊருக்குப் போவதென்றால் முதலில் விடுதியைப் பார்க்கக் கூடாது, நாற்காலியைப் பார்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், இரத்தம் வெளியே வந்து இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பிப் போகிறது. இயந்திரத்தின் உயிர் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் உருளை. அதற்குள் மயிரிழை மாதிரி ஆயிரக்கணக்கான குழல்கள் இருக்கும். குழலுக்குள் இரத்தம் போகும், வெளியே மருந்துநீர் எதிர்த்திசையில் ஓடும், கழிவு குழலின் சுவர் வழியே கசிந்து மறுபக்கம் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டே அத்தான் ஒருமுறை, “இதுவும் நம்ம மதகுதான் மச்சான். என்ன, சரக்கு நான்” என்றார்.

அந்த இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி. ஒவ்வொரு மருத்துவமனையிலும் இத்தனை நாற்காலி என்று கணக்கு உண்டு. காலை, மதியம், மாலை என்று மூன்று முறை, திங்கள் வரிசை, செவ்வாய் வரிசை என்று இரண்டு வரிசை. ஞாயிறு மூடியிருக்கும். எல்லா இடங்களிலும் ஊர்க்காரர்களின் பெயர் ஏற்கெனவே எழுதியிருக்கும். வெளியூர்க்காரர் உட்கார வேண்டுமானால் ஒரு நாற்காலி காலியாக வேண்டும். அது எப்படிக் காலியாகும் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

நாட்செஸ் மருத்துவமனையில் இடம் ஒதுக்கும் பொறுப்பு ஆர்டீலியா என்ற அம்மாளுடையது. அக்கா டிசம்பரில் அவளைத் தொலைபேசியில் பிடித்தாள். இரத்தப் பரிசோதனை, மார்புப் படம், எந்த அளவு உருளை, எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்ற மருத்துவரின் குறிப்பு எல்லாம் இங்கிருந்து போயின. பிப்ரவரியில் இரண்டு வாரம் கிடைக்குமா என்று பார்க்கிறேன், கிடைத்தால் நானே கூப்பிடுகிறேன் என்றாள் ஆர்டீலியா. அவள் குரலில் சர்க்கரைப்பாகு ஒழுகுகிறது என்றாள் அக்கா. தன்னை “லோர்னாம்மா” என்று அந்த அம்மாள் கூப்பிட்டதில் அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

காத்திருந்த நாட்களில் வழியைத் தீட்டினோம். அத்தானின் வரிசை திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்குப் பிறகு திங்கள்வரை உள்ள இடைவெளிதான் வாரத்திலேயே நீளமானது. உடம்பில் நீர் அதிகம் சேர்வதும் அந்த இடைவெளியில்தான். எனவே வெள்ளிக்கிழமை சிகிச்சை முடிந்ததும் கிளம்பி, வழியில் இரண்டு இரவு தங்கி, ஞாயிறு மாலைக்குள் நாட்செஸ் போய்ச் சேர வேண்டும். காரை நான் ஓட்டுவேன். வழியில் சாப்பாட்டுக்கு அக்கா உப்பில்லாத கோழியும் வெள்ளை ரொட்டியும் கட்டிக்கொள்வாள். உருளைக்கிழங்கு கிடையாது. நார்வே வம்சத்து வீட்டில் உருளைக்கிழங்கை நிறுத்துவது இதயத்தை நிறுத்துவதற்குச் சமம் என்று அத்தான் புலம்புவார். அதிலிருக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயமும் சேர்ந்து நிற்கும் என்று அக்கா பதில் சொல்வாள்.

ஜனவரியில் ஒரு நாள் நான் அவர்கள் சமையலறையில் இருந்தபோது அந்தத் தொலைபேசி வந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் அக்கா எனக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டிருந்தாள். வேண்டாம் என்றேன். போட்டு வைத்ததுதானே என்றாள். உனக்கு எதுக்கு வேலை என்றேன். கெட்டுப்போகும் அர்விட் என்று மூன்றாவது முறை சொன்னதும், சரி, அரைக் கோப்பை மட்டும் என்றேன். எங்கள் ஊரில் இப்படித்தான். முதல் தடவையே சரி என்பவன் அலைகிறவன். இரண்டாவது தடவையில் ஒத்துக்கொள்பவன் வளர்ப்பு சரியில்லாதவன். மூன்றாவதுதான் உண்மையான கேள்வி, அதற்குச் சொல்வதுதான் உண்மையான பதில். கேட்கிறவருக்கும் இது தெரியும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

தொலைபேசியில் ஆர்டீலியா. ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது, திங்கள் வரிசை, அதிகாலை முறை, நீங்கள் கேட்ட இரண்டு வாரமும் கிடைக்கும், எழுதிவிடட்டுமா என்று கேட்டாள். அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தோடு அவள் சொன்னது இது:

“ஐயோ, வேணாங்க. உங்க ஊர்க்காரங்க யாருக்காவது தேவைப்படும். எங்களுக்காக நீங்க சிரமப்படாதீங்க.”

 ஆர்டீலியா, நல்லது, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று அன்பாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா திரும்பி, “கெடச்சிருச்சு” என்றாள். மறுபடி கூப்பிடுவார்கள் என்றாள். அத்தானும் தலையாட்டினார். ஒரு நாற்காலி காலியாகியிருக்கிறது என்றால் அங்கே ஒரு வீட்டில் துக்கம் என்று அர்த்தம், முதல் வார்த்தையிலேயே அதைப் பிடுங்கிக்கொள்வது அழகல்ல என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. அன்றைக்கே அக்கா அத்தானின் மெல்லிய சட்டைகளை மாடியிலிருந்து இறக்கினாள்.

ஒரு வாரம் கழிந்தது. தொலைபேசி வரவில்லை. அக்கா கூப்பிட மாட்டாள். கொடுக்கிறவர்களை நெருக்குவது எங்கள் ஊரில் பிச்சைக்குச் சமம். இன்னும் சில நாள் பொறுத்துவிட்டு, பரிசோதனைத் தாள்கள் வந்து சேர்ந்தனவா என்று கேட்கிற சாக்கில் நான் கூப்பிட்டேன். முதலில் வானிலை விசாரித்தேன். அங்கே காமெலியா பூத்திருக்கிறதாம். இங்கே ஆறு உறைந்து மேலே ஆட்கள் மீன்பிடிக்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. பிறகுதான் நாற்காலியைப் பற்றிக் கேட்டேன்.

“அதுவா? அத அன்னைக்கே வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேனேண்ணே. அம்மா வேணாம்னுட்டாங்களே.”

அவர்கள் சொன்னது வேண்டாம் என்பதல்ல, இன்னொரு தடவை கேளுங்கள் என்பது என்று நான் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.  நான் முடித்ததும் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது, உட்கார்ந்திருக்க வேண்டும்.

“எங்க ஊர்லயும் அப்படித்தாண்ணே. மூணு தடவ கேட்டாத்தான் கேட்டதாக் கணக்கு. ஆனா வடக்கத்திக்காரங்க வேணாம்னா வேணாம்தான், மறுபடி கேட்டாக் கோவிச்சுக்குவாங்கன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி வளத்தாங்க. அதான் மரியாதையா ஒரு தடவையோட விட்டேன்.”

இரண்டு பேருமே மரியாதையாகத்தான் நடந்திருந்தார்கள். அதில்தான் நாற்காலி போனது.

நான் போய்ச் சொன்னபோது அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தான், இதைவிட மோசமாகவும் நடந்திருக்கலாம் என்றார். வீடு எரிந்தாலும் எங்கள் பக்கத்தில் அதைத்தான் சொல்வோம். அக்காவுக்கு முதல் தடவையாக அது பொறுக்கவில்லை.

“எப்படி மோசமா? சொல்லு டெல்மர். இதவிட எப்படி மோசமா?”

அத்தான் எழுந்து மீதிப் பாத்திரங்களைக் கழுவப் போனார்.

வேறு இடங்களைத் தேடினோம். விக்ஸ்பர்க் நிரம்பியிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் லூசியானா பக்கத்திலும் இடமில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். நாற்காலியே தேவையில்லாமல், வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே செயின்ட் லூயிஸ் வரை போய்த் திரும்பிவிடலாம். கடைசி மதகுக்குக் கீழே ஆற்றைப் பார்த்த மாதிரியும் ஆகும். அத்தான் மறுத்துவிட்டார்.

“அங்க மிதவையக் கட்டத்தான் ஆரம்பிப்பாங்க மச்சான். பாதி கட்டினத நான் நெறையப் பாத்துட்டேன்.”

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் முதல் அவர் அக்காவுக்கு ஒரு பயிற்சி ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையில் ரொட்டித் தட்டை நீட்டி, “வேணுமா?” என்பார். அவள் வாய் தானாக வேண்டாம் என்று ஆரம்பிக்கும். உடனே தட்டைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துவிடுவார். “நாற்காலி போச்சு.” முதல் இரண்டு நாள் அக்கா ரொட்டியில்லாமலே சாப்பிட்டாள். மூன்றாம் நாள், பல்லைக் கடித்துக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முகம் சிவந்து, “வேணும்” என்றாள். நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் அந்த வாரத்தில் இரண்டு தடவை படிக்கட்டின் பாதியில் நின்று மூச்சு வாங்கியதை அவள் பார்த்திருந்தாள்.

பிப்ரவரி பாதிக்குமேல் போய்விட்டது. ஒரு பிற்பகல் ஆர்டீலியா கூப்பிட்டாள். இரண்டு வாரமெல்லாம் இல்லை. ஒரே ஒரு திங்கட்கிழமை, ஒரே ஒரு தடவை, மதிய முறை. அவளுடைய நோயாளி ஒருவர் ஹூஸ்டனில் மகளைப் பார்க்கப் போகிறார், அந்த ஒரு நாளைக்கு அவருக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது, இங்கே அவர் நாற்காலி காலி என்று சொல்லிக்கொண்டே வந்தவள், எழுதட்டுமா என்று இன்னும் கேட்கக்கூட இல்லை.

“வேணும்,” என்றாள் அக்கா.

ஒரு கணம் கழித்து, இந்தத் தடவை நான் மூன்று முறை கேட்கத் தயாராக வந்தேனே என்று ஆர்டீலியா சிரிப்பது எனக்கே கேட்டது.

யாரும் சாகாமல் கிடைத்த நாற்காலி என்பது அத்தானுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒருவர் ஹூஸ்டனுக்கு நகர, அவர் விட்ட இடத்துக்கு இவர் நகர, இவர் விட்ட இடத்தில் வினோனாவில் வேறொருவர் அன்றைக்கு உட்காருவார். மதகு வேலை செய்வது இப்படித்தான் என்றார். ஒரு தொட்டி வடிந்தால்தான் அடுத்தது நிறையும். திரும்பி வரும் வாரத்தில் புதன்கிழமையை வியாழனுக்கு மாற்றித் தர எங்கள் மருத்துவமனையும் ஒத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பனியில் கிளம்பினோம். இல்லினாயில் ஒரு விடுதி, மிசௌரியின் தென்கோடியில் இன்னொன்று. மெம்ஃபிஸைத் தாண்டியதும் வயல்களில் பனி இல்லை. ஓரிடத்தில் மரங்கள் பச்சையாக இருந்தன. அத்தான் கண்ணாடியை இறக்கச் சொல்லி, கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். அவருடைய வீங்கிய கணுக்காலை அக்கா மடியில் வைத்து அடிக்கடி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். குடிக்க அவருக்கு ஐஸ் துண்டுகள் மட்டும் கொடுத்தாள்.

ஞாயிறு மாலை வெயில் சாய்கிற நேரத்தில் நாட்செஸ் மேட்டின் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஆறு எங்கள் ஆறு போலவே இல்லை. பழுப்பு நிறத்தில், ஒரு மைல் அகலத்தில், அவசரமாக, வேரோடு பெயர்ந்த மரங்களை உருட்டிக்கொண்டு போனது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு அணைக்குப் பின்னாலும் நின்று நின்று வரும் தண்ணீர் இங்கே யாருக்கும் நிற்கவில்லை.

வெகுநேரம் எதுவும் வரவில்லை. அக்கா அவர் தோளில் இன்னொரு போர்வையைப் போட்டாள். அப்புறம் மேல்வளைவில் அந்த மிதவைப் பாயின் ஒரு மூலை தெரிந்தது. அது முடியவே இல்லை. அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு ஏழு, எல்லாம் மூடி போட்ட தானிய மிதவைகள். பின்னால் பொம்மை மாதிரி ஒரு படகு. வளைவில் நேராகத் தள்ளினால் வெள்ளம் தலையைக் கரையில் மோதிவிடும். அதனால் படகோட்டி விசையைப் பின்னோக்கிப் போட்டு, முன்பக்கத்தை ஆற்றின் இழுப்பிலேயே விட்டு, மொத்தப் பாயையும் மெல்லத் திருப்பினான். ஒரு வயல் எழுந்து திரும்பிப் படுப்பதுபோல இருந்தது. அத்தான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரே துண்டாப் போகுது,” என்றார். கீழே இருந்த பாலத்துக்கு அடியில் போய் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் மருத்துவமனையில் ஆர்டீலியா வாசலுக்கே வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். நான் நினைத்ததைவிட உயரம், நரைத்த தலை, ஊதா நிற மருத்துவ உடை. ஹூஸ்டன் போனவரின் நாற்காலி ஜன்னலோரம். அதன் கைப்பிடியில் அவர் வழக்கமாகச் சாய்த்துக்கொள்ளும் சிறு தலையணையை அத்தானுக்காக விட்டுப் போயிருந்தார். நான்கு மணி நேரமும் அத்தான் அதில் கையை வைத்தபடி பக்கத்து நாற்காலிக்காரரிடம் மிதவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் இரத்த அழுத்தம் இரண்டு தடவை இறங்கியது. இயந்திரம் மணியடித்தது, தாதி வந்து நாற்காலியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள்.

எல்லாம் முடிந்து ஊசிகளை எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது ஆர்டீலியா வந்து நின்றாள்.

“டெல்மர் ஐயா, அடுத்த வருசத்துக்கு உங்க பேர இப்பவே எழுதி வச்சுக்கட்டுமா? ரெண்டு வாரமும் வாங்க.”

“வேணாம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

ஆர்டீலியா அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தாள். இப்போது அவளுக்கு எங்கள் ஊர் தெரியும். “இதுல என்னய்யா சிரமம்? வாங்க, எழுதிக்கிறேன்.”

“இல்லம்மா, வேணாம்.”

அக்காவின் முகத்திலும் புன்னகை இருந்தது. இரண்டு முடிந்துவிட்டன. ஆர்டீலியா குனிந்து அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

“மூணாவது தடவையாக் கேக்குறேன். எழுதட்டுமா?”

அத்தான் அவளை நேராகப் பார்த்தார்.

“வேணாம்மா. பாத்தாச்சு.”

ஆர்டீலியா நான்காவது முறை கேட்கவில்லை. அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மெதுவாக நகர்ந்தாள்.

அக்கா போர்வையை மடித்தாள். ஓரம் சேரவில்லை என்று பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டு, ஊசி குத்தாத கையைப் பிடித்து அவரை எழுப்பினாள்.

“இன்னும் வெளிச்சம் இருக்கு. இன்னொரு தடவை ஆத்தப் பாத்துட்டு வரலாமா டெல்மர்?”

அவர் முதல் தடவையிலேயே சரி என்றார்.